ஆரம்பம் பாடத்தில் இல்லை

உயிரியல் வாத்தியார் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தபோது மனைவி சோபாவில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, கோபமா?"

பதில் இல்லை. கன்னம் உப்பியிருந்தது, அதுவும் இடது கன்னம் மட்டும். கோபம் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் பரவும் போலும் என்று எண்ணிக்கொண்டார். படித்தவர் அல்லவா.

அன்று காலைதான் வகுப்பில் ஒரு மாணவி மடக்கியிருந்தாள். "குரங்கு, மீன்னு பின்னாடியே போனா, முதல் உயிர் எங்கேருந்து சார் வந்துச்சு?"

"அது வேற கேள்வி, உட்காரு. உயிர் வந்தப்புறம் எப்படி மாறுச்சுங்கறதுதான் பரிணாமம். ஆரம்பம் தெரியாமலே மீதியை ஒழுங்கா விளக்கலாம்."

வீட்டில் அப்படி முடியவில்லை. மனைவியின் கோபம் வளரும் விதம் அவருக்கு அத்துப்படி: முதலில் மௌனம், பிறகு பெட்டி, பிறகு அண்ணன் வீடு. எதில் தொடங்கியது என்பதுதான் தெரியவில்லை. அது தெரியாமல் எதற்கென்று மன்னிப்புக் கேட்பது?

பின்னோக்கிப் போனார்.

"போன வாரம் உன் நீலப் பூச்சாடியை உடைச்சது பூனை இல்லம்மா. நான்தான்."

அவள் கண் விரிந்தது. அந்தப் பூனையை மறுநாளே யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள்.

சரியாக ஐந்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். குளியலறைக்குப் போய்வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு மறுபடி எதிரே உட்கார்ந்தாள். ஆக, பூச்சாடி ஆரம்பம் இல்லை. வாத்தியார் இன்னும் ஆழமாகத் தோண்டினார்.

"உங்கண்ணன் ஒரு மாசம் தங்க வரேன்னப்போ, உனக்கு அம்மை போட்டிருக்குன்னு சொன்னது... நான்தான்."

எழுந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"ஐயையோ, அதுவும் இல்லையா? அப்ப கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின முதல் லெட்டரா? அந்தக் கவிதை என் ரூம்மேட் எழுதினதும்மா!"

பெட்டியில் சட்டைகள் விழுந்தன. எல்லாம் அவருடைய சட்டைகள்.

"நீ இல்லாம நான் என்னம்மா பண்ணுவேன்?" குரல் உடைந்துவிட்டது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளே என்று அவருக்கும் கண் கலங்கியது.

அப்போது பக்கத்து வீட்டு நர்ஸ் எட்டிப் பார்த்து, வலி குறைந்ததா என்று கேட்டாள். மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னக்கா, அஞ்சு மணிக்குப் பஞ்சைத் துப்பிட்டுத் தாராளமா பேசலாம்னுதானே பல் டாக்டர் சொன்னார், ஆறாகப் போகுது, இன்னும் ஏன் வாயைத் திறக்காம இருக்கீங்க?"