நெட்டையனா, சுருட்டையா?

என் பழைய மெத்தை நாற்காலியை விடமாட்டேன் என்று ஒரே போடாகப் போட்டேன்.

"கூடத்துல பாதி அதுதான் இருக்கு. கம்பி வேற துருத்திக்கிட்டு நிக்குது," என்றாள் மனைவி.

"நிக்கட்டும். எனக்குக் குத்தலை."

பழைய மரச்சாமான் வாங்கி விற்பவன் நான். படித்ததைவிட அடிபட்டுக் கற்றது அதிகம். எதிராளி எதை இறுக்கிப் பிடிக்கிறானோ அதுதான் சரக்கு, அதைப் பிடுங்கு. இதுதான் என் தொழில்.

அன்று டென்னிஸ் இறுதி ஆட்டம். பழைய ராஜாக்கள் எல்லாரும் மட்டையைக் கீழே வைத்தாயிற்று. இனி ஆண்கள் டென்னிஸ் யார் கையில் என்று ஊரே அடித்துக்கொள்கிறது. மிச்சம் இரண்டு இளசுகள். எங்கள் வீட்டில் அவர்களுக்குப் பெயர் நெட்டையன், சுருட்டை.

"பந்தயம்! ஆளுக்கு ஒருத்தன். உன் ஆள் ஜெயிச்சா நாற்காலி வெளியே. என் ஆள் ஜெயிச்சா, இனி ஆயுசுக்கும் அதைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரி. சுருட்டை எனக்கு."

பிடித்துவிட்டாள்! அதுவும் இறுக்கி!

"அதெப்படி? சுருட்டை எனக்கு."

"முதல்ல கேட்டது நான்."

"நெட்டையனை எடுத்துக்கோயேன். நல்ல உசரம்."

"உசரத்தை வெச்சு என்ன, பரண்ல சாமான் எடுக்கவா? இனி பத்து வருஷம் சுருட்டை ராஜ்ஜியம்தான். தரமாட்டேன்."

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. தம்ளரை டொக்கென்று வைத்தேன்.

"அவனை எனக்குக் கொடு. தோத்தா நானே தலையில சுமந்து தெருவுல வைக்கிறேன். போதுமா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாள். எனக்கே பாவமாக இருந்தது.

சுருட்டை தோற்றான். சும்மா இல்லை, ஒரு செட்கூட எடுக்காமல் துவைத்துக் காயப்போடப்பட்டான்.

"என்னடி இது! இவன் ராஜ்ஜியம்னே?"

"இந்த வருஷம் நெட்டையன்கிட்ட இவன் ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்லையே."

"எனக்குத் தெரியாதே!"

"எப்படித் தெரியும்? எந்த ஆட்டமானாலும் முதல் செட் முடியறதுக்குள்ள அந்த நாற்காலியிலேயே குறட்டை."

"அப்புறம் எதுக்கு அவனைக் கேட்டே?"

"நான் கேக்கலேன்னா நீங்க எடுத்திருப்பீங்களா?"

நாற்காலியைத் தலைக்குத் தூக்கினேன். கம்பி, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, குத்தியது. அவள் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாங்க. இனி நெட்டையன் ராஜ்ஜியம், முழிச்சிருந்து பாக்கணுமில்ல? சாய இடமில்லாத முக்காலியா ஒண்ணு, நேத்தே உங்க கடையிலேருந்து எடுத்தாந்துட்டேன்."