கிதாருக்கு ஒரு எலும்பு

திருநெல்வேலிச் சீமையிலேயே கறிக்கடைக்குப் போய், "கறி வேண்டாம், எலும்பு மட்டும் தாரும்" என்று கேட்ட பரம்பரைச் சைவர் ஒருத்தர்தான். எங்கள் பக்கத்து வீட்டு 'டொய்ங்' அண்ணாச்சி.

அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஒரு தந்தியைச் சுண்டுவார், டொய்ங் என்று வரும், அவ்வளவுதான் கச்சேரி. கிதார் அவர் மகள் மீனாவுடையது. கல்லூரியில் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். மலிவான கிதார், தகர டப்பா மாதிரி சத்தம் வருகிறது என்று கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்ட சத்தத்தை அதிலிருந்து வரவழைத்தே தீருவது என்று அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

தந்திகள் ஏறி உட்காரும் சின்னக் கட்டை பிளாஸ்டிக்காம். அதையே எலும்பில் செய்து போட்டால் கணீரென்று இருக்குமாம். கறிக்கடைக்காரர் திகைத்துப்போனார்.

"அண்ணாச்சி, நீங்களா! சூப்புக்கா?"

"கிதாருக்கு வே."

"அது எப்ப எலும்பு திங்க ஆரம்பிச்சுது?"

கொல்லையில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, கொழுப்புப் போக எலும்பை வேகவைத்தார். பாளையங்கோட்டைக் காக்கையெல்லாம் எங்கள் மதிலில்தான். அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சமையக்கட்டுப் பக்கம் மட்டும் வந்தீய, தெரியும் சேதி!" என்றார். வெயிலில் காயவைத்த எலும்பை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓட, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏலே, பிடிலே! என் கிதாரு போகுது!" என்று துரத்தினார். நாய் வாயில் ஏது கிதார் என்று தெருவே முழித்தது.

மறுபடி எலும்பு வாங்கி, அராவி, உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தினார். அதோடு விட்டாரா? தந்தியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் போய்க் கருங்காலி ஆணிகள் வந்தன. முறுக்கும் சாவிகள் மாறின. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டு ஒரு டொய்ங்.

"வித்தியாசம் தெரியுதா வே?"

"நல்லாத் தெரியுது அண்ணாச்சி" என்பேன். என் காதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல?

போன மாதம் மீனாவின் தோழி ஜெனி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். சர்ச்சில் கிதார் வாசிக்கிறவள். அண்ணாச்சி வழக்கம்போல என்னையும் கூப்பிட்டுவிட்டு, கிதாரை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் வாசிக்க வாசிக்க வீடே நிறைந்துபோயிற்று. அவர் மனைவி ஈரக் கையோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, இந்தச் சத்தத்துக்குத்தான் மீனா ஏங்குனா" என்றாள் ஜெனி.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "எலும்புல செஞ்சு போட்டுத் தாங்கப்பான்னு எங்கிட்டத்தான் கேட்டா வே. சைவ வீட்டுக்குள்ள எலும்பான்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்ல."

ஜெனியின் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாத, வாசிம்மா" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்தான், சொந்தமில்லை. இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.