சூசைதாசனின் கடைவாய்ப் பல்லும் மறைத்த குளிசையும்

குருநகர்,
ஆனி 14.

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணை கனிசியஸ் அவர்களுக்கு,

தம்பி சூசைதாசன் பணிவோடு எழுதுவது. பிரான்சில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாயிருக்கப் புனித யாகப்பரை மன்றாடுகிறேன். இங்கே நானும் மனிசி றோசும் சுகம். என் சுகம் எப்படிப்பட்டது என்று குருநகரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், உங்களுக்கும் நானே எழுதிவிடுவதுதான் மரியாதை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் கன்னம் வீங்கிப்போய், நான் கதைப்பது எனக்கே விளங்குவதில்லை.

கடைவாய்ப் பல் ஒன்று மூன்று நாளாக என்னைப் படுத்திய பாட்டில், றோஸ் என்னை ஓட்டோவில் ஏற்றி ரவுணிலுள்ள பல் டொக்டரிடம் கொண்டுபோனாள். அங்கே பெயர் பதிகிற மேசையில் யார் என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய ஒழுங்கையில் இருக்கிற சந்தியோகுவின் மகள் கிறிஸ்ரினா! பிள்ளை என் பழைய பைலைத் தேடி எடுத்து, பூசையில் வாசகம் வாசிக்கிற அதே குரலில் கேட்டாள்: "மாமா, அஞ்சு வருசத்துக்கு முந்தி வந்திருக்கிறியள். எல்லா நோய் வருத்தத்துக்கும் 'இல்லை' எண்டு எழுதியிருக்கு. அதுக்குப் பிறகு புதுசா ஏதும் வருத்தம் இருக்கோ? ஏதும் மருந்து, குளிசை பாவிக்கிறியளோ?"

பக்கத்தில் றோஸ். சுற்றிவர எட்டுப்பேர். "ஒண்டும் இல்லைப் பிள்ளை, இரும்பு மாதிரி இருக்கிறன்" என்றேன். அண்ணை, அது சுத்தப் பொய். எனக்கு நாலு வருசமாகச் சீனி வருத்தம். வியாழக்கிழமைகளில் சங்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போவது ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு. சீனிக்கு ஒரு குளிசையும், இரத்தம் கட்டியாகாமல் இருக்க இன்னொரு சின்னக் குளிசையும் அங்கே தருகிறார்கள். றோசுக்குச் சொன்னால் அழுவாள் என்பது ஒரு காரணம். இனிக்க இனிக்கத் தொதல் கிண்டுவதை விட்டுவிடுவாள் என்பது மற்றது. எது பெரிய காரணம் என்று கேட்காதீர்கள்.

நாற்பது வருசம் வள்ள எஞ்சின் திருத்தினவன் நான். எஞ்சினைத் தொடமுன் முதலாளியிடம் ஆதியோடந்தம் கேட்பேன், ஒளித்தால் திருகுசாவியைத் தூக்கி எறிந்துவிட்டு எழும்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான் என்னுடைய எஞ்சினைப் பற்றி வாய்கூசாமல் பொய் சொல்லிவிட்டுக் கதிரையில் போய்ச் சாய்ந்தேன். டொக்டர் உதயகலா ஓர் இளம்பிள்ளை, நல்ல தங்கமான குணம். பைலைப் பார்த்தார், விறைப்பூசி போட்டார், குறட்டைக் கையில் எடுத்தார். அந்தக் குறட்டைக் கண்டதும்தான், கிளினிக்கில் மருந்து தருகிற பிள்ளை படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது: "ஐயா, எப்ப பல்லுப் பிடுங்கப் போனாலும் உந்தக் குளிசையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கோ. இல்லாட்டி இரத்தம் நிக்காது."

சொல்லத்தான் வேண்டும், ஆனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் றோஸ் இருக்கிறாள், அதனால் குசுகுசுக்க வேண்டும். விறைத்த நாக்கோடு குசுகுசுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். "எனக்குச் சீனி" என்று நான் சொன்னது "எனக்குத் தீனி" என்று வந்தது.

"தீனியோ? ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டும் சாப்பிடக்கூடாது ஐயா" என்றார் டொக்டர்.

"குளிதை! குளிதை!" என்றேன்.

"ஓம், தாராளமாக் குளிக்கலாம்."

குறடு கிட்ட வந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தி, பேனாவைச் சைகையால் கேட்டு வாங்கி, ஒரு துண்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வாசித்த அந்தப் பிள்ளை பதறிப்போய்க் குறட்டைக் கீழே வைத்துவிட்டு உரக்கக் கேட்டது: "சீனி வருத்தமோ! இரத்தம் உறையாமலுக்கும் குளிசையோ! எவ்வளவு காலமா?" நான் நாலு விரலைக் காட்டினேன். "நாலு மாதமோ?" இல்லையென்று தலையை ஆட்டினேன். "நாலு வருசமோ!"

திரைச்சீலை விலகியது. றோஸ் நின்றாள். இனி என் வாயில் மிச்சப் பல்லும் இருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், கைப்பைக்குள்ளிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் கையில் வைத்திருக்கிறாள்.

"இஞ்சரப்பா, எனக்கும் மூண்டு வருசமாச் சீனி. உங்களுக்குத் தெரிஞ்சா யோசிப்பியள் எண்டு சொல்லேல்லை."

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு அவள் போனதும் அதே கிளினிக்குக்குத்தான், அண்ணை! அவள் மனம் நோகக்கூடாது என்று நான் தொதல் சாப்பிட்டேன். என் மனம் நோகக்கூடாது என்று அவள் நான் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிறீமைச் சாப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி முகம் சிரிக்க மற்றப் பாதி சும்மா இருந்ததைப் பார்த்து அவளுக்கும் வந்தது. பிறகு டொக்டர், கிறிஸ்ரினா, வெளியிலிருந்த எட்டுப்பேர், எல்லோரும் சிரித்தார்கள்.

"இண்டைக்குப் பிடுங்கேலாது. நல்லகாலம் சொன்னியள். சீனி எவ்வளவெண்டு பாத்து, உங்கடை கிளினிக் டொக்டரோடையும் கதைச்சுப்போட்டு வாற கிழமை பாப்பம். குளிசையை நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றார் உதயகலா. கிறிஸ்ரினா என் பைலில் 'இல்லை' எல்லாவற்றையும் வெட்டி எழுதினாள். றோசுக்கும் ஒரு பைல் திறந்தாள். இப்போது இரண்டுபேரும் ஒன்றாகவே கிளினிக்குக்குப் போகிறோம். கலியாணம் முடித்த புதிதில்கூட நாங்கள் இவ்வளவு ஊர் சுற்றவில்லை.

ஆகையால், திருவிழாவுக்கு வரும்போது சொக்லேற் கொண்டுவர வேண்டாம். அங்கே டொக்டர்மாரிடம் போனால் நீங்களும் ஒன்றையும் ஒளிக்காதீர்கள். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் முழுப் பல்லோடும் முகம் நிறைந்த சிரிப்போடும் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
சூசைதாசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் ஒரு நற்செய்தி. இன்று மத்தியானம் ஒடியல் கூழ் குடிக்கும்போது நண்டுக்காலைக் கடித்தேன். பல் தானாகக் கழன்று கையில் வந்துவிட்டது. பஞ்சை அழுத்திப் பிடிக்க இரத்தமும் நின்றுவிட்டது. ஊசியுமில்லை, குறடுமில்லை. இதற்காகவா இவ்வளவு கூத்து! மேலே எழுதியதை மறந்துவிடுங்கள்.

மீண்டும் பி.கு.: றோஸ் ரோச் லைற் அடித்து என் வாய்க்குள் பார்த்தாள். விழுந்தது பக்கத்துப் பல்லாம்.