முழங்கால் ஆறும்வரை ஓர் உறுப்பினர்

கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் டெல்மரின் பேனா நின்றுவிட்டது.

"போடுங்க. விடிஞ்சா முழங்கால் ஆபரேஷன்" என்றாள் மனைவி நெல்டா.

அந்த மலை மாநிலத்தில் சட்டசபை உறுப்பினர் விடுப்பில் போனால், தன் நாற்காலிக்கு ஒருவரைத் தானே எழுதிக் கொடுக்கலாம். கவர்னர் அலுவலகம் முத்திரை குத்தும். தேர்தல் எதுவும் கிடையாது. ஆனால் மே மாதம் டெல்மருக்குத் தேர்தல் இருந்தது. கெட்டிக்காரனாகப் பார்த்து உட்கார வைத்தால் நாற்காலி திரும்பி வருமா?

ஆகவே மைத்துனன் ரூலனின் பெயரை எழுதினார். ரூலனுக்கு வாய்க்காலில் மடை திறந்து மூடும் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"என் தம்பி மேல திடீர்னு என்ன பாசம்?"

"ஆளைப் பார்த்துப் போடணும் நெல்டா. க்ளைட் என்னைப் போட்டாரே, அந்த மாதிரி."

க்ளைட்டின் படம் கூடத்தில் மாட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கண் ஆபரேஷனுக்குப் போனபோது மூன்று வாரத்துக்குத் தன் நாற்காலியில் டெல்மரை நியமித்தவர் அவர். அடுத்த தேர்தலில் டெல்மரே ஜெயித்துவிட்டார். 'என் திறமையை முதலில் கண்டவர்' என்று வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டுவார்.

ரூலனுக்கு ஒரே கட்டளைதான். "போ, உட்காரு, வாயைத் திறக்காதே."

"சரி மச்சான்."

நான்காம் நாள் செய்தித்தாளில் ரூலன் படம் வந்தது. தண்ணீர்ப் பங்கீட்டு மசோதாவுக்காகப் பேச வந்த கம்பெனி ஆளை இரண்டு மணி நேரம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்த ஆள் வியர்த்துப்போய், மசோதாவில் இருந்த ஓட்டையைத் தானே சொல்லிவிட்டானாம்.

டெல்மர் படுக்கையிலிருந்து போன் செய்தார். "இனிமே பேசு. நிறையப் பேசு. வாய்க்கால் சேறு, மடைத் துரு, எல்லாத்தையும் பேசு." சபை கொட்டாவி விட்டே செத்துப்போகும் என்பது அவர் கணக்கு.

ரூலன் நாற்பது நிமிடம் பேசினான். தங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை உறுப்பினர்கள் பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். மசோதா அவன் சொன்னபடியே திருத்தப்பட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டு லவோன் சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டோடு சுடச்சுட வந்தாள்.

"எதுக்கும்மா சிரமம்? கால் பரவாயில்லை" என்று டெல்மர் நெகிழ்ந்தார்.

"இது ரூலனுக்கு. வந்தா குடுத்துடுங்க."

டெல்மருக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே போனை எடுத்தார். "நாளைக்குச் சபையில, உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

ரூலனுக்குப் பொய் வராது. சபையில் எழுந்து நின்றான். "உடம்பு சரியில்லைன்னு சொல்லச் சொன்னாரு மச்சான். எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தான். சபை சிரித்து ஓய்ந்து, பிறகு எழுந்து நின்று கைதட்டியது.

அதற்குமேல் டெல்மரால் படுத்திருக்க முடியவில்லை. டாக்டர் திட்டினார், நெல்டா திட்டினாள். மூன்று வார விடுப்பு முடிய நாலு நாள் இருக்கும்போதே, இரண்டு ஊன்றுகோலோடு சட்டசபை வாசலில் போய் நின்றார். ரூலனுக்கு அவரைப் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வந்துட்டீங்களா மச்சான்? அடுத்த வாரம் வாய்க்கால்ல தண்ணி விடணும். நான் கிளம்பறேன்."

அவன் போவதையே வாசலில் இருந்த எல்லோரும் ஏக்கமாகப் பார்த்தார்கள். டெல்மர் மூச்சு வாங்க, கதவோரம் கிடந்த நாற்காலியில் சாய்ந்தார். முப்பது வருடமாக அந்தக் கதவைக் காக்கும் ஐடா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன ஐடா" என்றார் டெல்மர். "தொகுதி முழுக்க சல்லடை போட்டுத் தேடி, ஒண்ணுத்துக்கும் உதவாத ஆளாப் பார்த்துத்தான் அனுப்பினேன். இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

ஐடா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"உங்களை இங்க விட்டுட்டுப் போனப்ப க்ளைட்டும் இதையேதான் சொன்னாருங்க."