பத்து வாரச் செடி

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்ற செடிகளை ராதா மூன்றாவது தடவையாக எண்ணினாள். மூன்றேதான்; எண்ணிக்கை குறைகிற மாதிரித் தெரியவில்லை.

"இஞ்ச வாங்கோப்பா. இது நீங்கள் வைச்சதோ?"

லதீஸ் வேலைச் சப்பாத்தோடு வந்து எட்டிப் பார்த்தான். "நான் வைச்சது கத்தரி. கத்தரிக்கு ஏன் கைவிரல் மாதிரி இலை?"

முழங்கால் உயரம்தான். ஆனால் பக்கவாட்டில் பரந்து, தடித்த கரும்பச்சை இலைகளோடு, நல்ல சாப்பாட்டு வீட்டுப் பிள்ளைகள்போல நின்றன. தொலைக்காட்சிச் செய்தியில் பொலிஸ்காரர் கட்டுக்கட்டாக அள்ளிப்போகும்போது இருவரும் பார்த்த அதே இலை.

"கஞ்சா," என்றாள் ராதா.

"மெதுவாச் சொல்லும். வீட்டுக்காரருக்குக் கேக்கும்."

வீட்டுக்காரர் ஆனந்தராஜா ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால், கிளென் வேவர்லியில் இருந்தார். ஆனாலும் அவருக்குக் கேட்கும் என்றுதான் மெல்பேர்னில் பாதிச் சனம் நம்பியது. மூன்று சங்கங்களுக்குத் தலைவர். கோயில் கட்டடக் குழுவுக்கும் தலைவர். போதையற்ற சமுதாயம் என்ற தலைப்பில் வருடத்துக்கு நான்கு முறை பேசுவார். அதில் மூன்று முறை யாரும் பேசச் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்கள். தற்காலிக விசாக்காரர் என்று பதினொரு பேர் கதவைச் சாத்திய பிறகு, ட்ருகனினாவில் இருந்த தன் வீட்டை ராதாவுக்கும் லதீசுக்கும் வாடகைக்குக் கொடுத்தவர் அவர்தான். அதை அவர் எந்த மேடையிலும் சொல்ல மறந்ததில்லை. கூடவே எட்டுக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார். ஆறாவது கட்டளை: நிலத்தைக் கிண்டக்கூடாது.

வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அவர் கையெழுத்து வைக்காவிட்டால் பன்னிரண்டாவது கதவைத் தேட வேண்டும்.

மறுநாள் லதீஸ் செடியின் படத்தைக் களஞ்சியத்தில் கூட வேலைசெய்யும் வெள்ளைக்காரனுக்குக் காட்டினான், நண்பனுடைய தோட்டம் என்று சொல்லி. அவன் ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் வகுப்பெடுத்தான்.

"என்னவாம்?" என்றாள் ராதா.

"இண்டிக்கா இனம் கூடக் கலந்ததாம். அதுதான் குட்டையாய், கட்டையாய் நிக்குது. மற்றக் கஞ்சா பகல் குறைஞ்சாத்தான் பூக்குமாம். இது வெயிலையும் பாராது, மாதத்தையும் பாராது. வயசு வந்தால் தன்ர பாட்டில பூக்கும். விதை போட்டுப் பத்துக் கிழமையில வேலை முடிஞ்சிடுமாம்."

"குளிருக்குச் சாகாதோ?"

"நானும் அதைத்தான் கேட்டனான். உன்ர நண்பன் அதிர்ஷ்டக்காரன் எண்டு தோளில தட்டினவன்."

பிடுங்க ஆறாவது கட்டளை விடவில்லை. ராதா வெயிலை மறைத்தால் வாடிவிடும் என்று மூன்றையும் பழைய கம்பளியால் மூடினாள். ஐந்து நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது அவை உள்ளே இருந்தபடியே பூத்திருந்தன. பழுத்த பலாப்பழத்தையும் நனைந்த நாயையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவைத்ததுபோல ஒரு மணம் குபீரென்று கிளம்பியது.

பூவை வெட்டினால் மணம் நிற்கும் என்றான் லதீஸ். வெட்டினார்கள். அதுவரை வளவோடு நின்ற மணம் தெருமுனைவரை போய்வந்தது.

"கருவாடு பொரியுங்கோப்பா," என்றாள் ராதா. "அதுக்கு மேல ஒரு மணமும் நிக்காது."

மூன்று நாள் காலை மாலை குசினியில் கருவாடு பொரிந்தது. நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, போன கிழமை வந்த மணம் எவ்வளவோ இதமாக இருந்தது, அதையே சமைக்கக்கூடாதா என்று கேட்டாள். பிறகு வீட்டுக்காரருக்கும் அழைத்து முறையிட்டாள்.

ஆனந்தராஜாவின் குறுஞ்செய்தி வெள்ளி மத்தியானம் வந்தது. நாளை காலை பத்து மணிக்கு வீடு பார்க்க வருகிறாராம். மனைவியும் வருகிறாவாம்.

குப்பை வண்டி திங்கட்கிழமைதான் வரும். எரித்தால் புகை வரும். காரில் கொண்டுபோனால் வழியில் பொலிஸ் வரும். ஆறாவது கட்டளை ஒன்றுதான் மீறக்கூடியதாக மிஞ்சியது. லதீஸ் பொழுது சாய்வதற்குள் இடுப்பளவு ஆழத்தில் கிடங்கு வெட்டி மூன்றையும் தாட்டு, மண்ணை மிதித்து இறுக்கினான்.

சனிக்கிழமை ஆனந்தராஜா சட்டைப்பையில் பேனாவோடு வந்து இறங்கினார். மனைவி நாகலட்சுமி கதிரையில் அமர்ந்து தேநீரும் கையுமாக இருந்தா. ஆனந்தராஜா வீட்டுக்குள்ளே ஒன்றையும் பாராமல் நேரே பின்வளவுக்கு நடந்தார். தாங்கியைச் சுற்றிப் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஆர் இதில கிண்டினது?"

"அங்கிள், அது வந்து..."

"ஆறாம் இலக்கம் என்ன சொல்லுது? சொல் கேளாத சனத்துக்கு வீடு தந்தது என்ர பிழை. ஒப்பந்தம் இனி இல்லை."

போகிற வீடு உண்மையைச் சொல்லியே போகட்டும் என்று ராதா வாயைத் திறந்தாள்.

"அங்கிள், ஆரோ எங்கட வளவுக்குள்ள கஞ்சா நட்டிருக்கினம். மூண்டு செடி. பயத்தில தாட்டுப்போட்டம்."

"பொலிசில சொல்லத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறம்," என்றான் லதீஸ். "அவங்கள் வந்து தோண்டி எடுத்தா, ஆர் நட்டதெண்டு ஒரு நாளில கண்டுபிடிச்சிடுவாங்கள்."

ஆனந்தராஜா கவிழ்த்து வைத்திருந்த வாளியில் மெல்ல அமர்ந்தார். ராதா கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தார். பிறகு எழுந்து தொண்டையைச் செருமினார். மேடை இல்லை என்பதைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

"பொலிஸ் ஏன் பிள்ளை? எங்கட சனத்தின்ர மானம் என்ன ஆகும்? தற்காலிக விசாவில இருக்கிற பிள்ளையளைக் காப்பாற்றாட்டி நான் என்ன தலைவர்? இந்தக் கதை இந்த வேலிக்கு வெளியால போகப்படாது. எல்லாப் பொறுப்பையும் நான் ஏற்கிறன்."

ஏற்றார். ஒப்பந்தத்தில் ஒரு வருடத்தை வெட்டி இரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார். கருவாடு தமிழரின் பாரம்பரிய உணவு, தாராளமாகப் பொரிக்கலாம் என்றார். போகிற போக்கில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த கட்டளைகளைத் தானே உரித்து மடித்துப் பையில் வைத்தார்.

லதீஸ் ஒப்பந்தத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான். "மனுசன் தங்கமப்பா," என்றாள் ராதா. கண் கலங்கிவிட்டது. ஆனந்தராஜா அதற்குள் காரை இயக்கிவிட்டார்.

நாகலட்சுமி அன்ரி வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, ராதாவின் காதருகே வந்து கவலையோடு கேட்டா:

"மூண்டு எண்டே சொன்னனீங்கள் பிள்ளை? இவர் நாலெல்லே நட்டவர்."