முப்பத்தேழு இடங்களில் புன்னகை

கடவுளுக்கே பிழைதிருத்தம் பார்க்கும் அதிகாரம் படைத்த அலுவலகம் இவ்வுலகில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இயங்குகிறது. பழைய இதிகாசத்தைப் பக்தர்களுக்காக எளிய உரைநடையில் வெளியிடுவது அதன் ‘திருப்பணி’. மூலக் கவிஞர் ஏதோ அவசரத்தில் எழுதிவிட்டுப் போனதையெல்லாம் அங்கே பொறுமையாகச் சரிசெய்து வந்தார்கள்.

அங்கே பத்தொன்பது வருடமாக மெய்ப்புப் பார்ப்பவர் புள்ளியம்மா. அச்சில் விட்டுப்போன புள்ளிகளைத் தேடித் தேடி வைத்ததால் வந்த பெயர். மூலத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது. அதனால் பதிப்புக்குப் பதிப்பு நாயகன் எப்படி முன்னேறினான் என்பதைக் கண்கூடாகக் கண்டவர். முதல் பதிப்பில் அவன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து அம்பு விட்டான். இரண்டாம் பதிப்பில் மரம் தானாகவே குறுக்கே வந்து நின்றது. மூன்றாம் பதிப்பில் செத்தவனே அம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். நான்காம் பதிப்பில், அரக்கன் தூக்கிப் போனது அரசியையே அல்ல, அவளுடைய நிழலை. நிஜ அரசி குடிலுக்கு உள்ளேயே பத்திரமாக இருந்தாள்.

“அப்ப மாசக்கணக்கா அங்க உக்காந்து அழுதது யாரு சார்?” என்று அன்றைக்கே கேட்டுவிட்டார் புள்ளியம்மா.

“நிழலுக்கு வலிக்காதும்மா” என்றார் முதலாளி. இந்த ஆராய்ச்சி முடிவை எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

ஐந்தாம் பதிப்பில் முதலாளியின் கண் நாயகனின் கண்ணீர் மீது விழுந்தது. மனைவியைக் காணாமல் ஒவ்வொரு மரத்திடமும் போய் விசாரித்து அவன் அழுகிற இடம் அவருக்குப் பொறுக்கவே இல்லை. கடவுள் அழுதால் படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று கவலைப்பட்டார். புள்ளியம்மாவுக்கோ இதிகாசத்தில் பிடித்ததே அந்தப் பக்கம்தான். கணவர் தவறிய வருடம், கடவுளே இப்படி அழும்போது நமக்கென்ன வெட்கம் என்று அதைப் படித்துத்தான் அவர் அழுது தீர்த்தார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாமல் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். முதலாளி தலையாட்டினார்.

புள்ளியம்மா மெய்ப்பை முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, முதலாளி தாமே கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்தார். ‘அழுதான்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘புன்னகைத்தான்’ என்று மாற்றும்படி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டரும் பக்திமான்தான், முப்பத்தேழு இடங்களில் மாற்றியது. யாருக்கும் காட்டாமல் புத்தகம் அச்சுக்குப் போனது.

அப்பா இறந்த சேதி கேட்டு நாயகன் தேம்பித் தேம்பி புன்னகைத்தான். தம்பி மூர்ச்சையாகிக் கிடந்தபோது அவனை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு புன்னகைத்தான். இரண்டு இடத்திலும் ஒற்று வேறு விட்டுப்போயிருந்தது.

கடிதங்கள் குவிந்தன. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எழுதியிருந்தார்: ‘என் சம்சாரம் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆறுதலுக்குத்தான் இந்தப் புத்தகத்தை வாங்கினேன். பெண்டாட்டியைக் காணாமல் சிரிக்கிறவரிடம் நான் போய் என்னத்தைச் சொல்ல?’

உடனே ‘உயர்மட்ட விசாரணைக் குழு’ அமைந்தது. தலைவர் முதலாளி, உறுப்பினர் மேலாளர். பல்லாண்டு அனுபவம் வீண்போகவில்லை. அறிக்கையின் முதல் வரைவில், தவறு கம்ப்யூட்டருடையது. இரண்டாவதில், பொத்தானை அழுத்தியது முதலாளிதான், ஆனால் அது மெய்ப்புப் பார்ப்பவரின் கவனத்துக்கு அவர் வைத்த சோதனை. மூன்றாவதில், அந்தச் சோதனையில் புள்ளியம்மா தோற்றார். நான்காவதில், மனம் வருந்தி அவரே விலக அனுமதி கேட்டார்.

“நீங்களா விரும்பிப் போற மாதிரிதான் எழுதியிருக்கோம். அதுதான் உங்களுக்கும் மரியாதை” என்று மேலாளர் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்.

வீட்டில் வேலைக்குப் போகிறவர் புள்ளியம்மா ஒருவர்தான். மகள் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. கடிதத்தைப் படித்தார், பழக்கதோஷத்தில் விட்டுப்போன இரண்டு புள்ளிகளை வைத்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தம் இடத்தில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். மேலாளர் பதறிப்போய் முதலாளியை அழைத்து வந்தார்.

“நேத்துதானேம்மா ராஜினாமா பண்ணீங்க?”

“நான் இல்ல சார். அது என் நிழல்.” நான்காம் பதிப்பை இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் விரித்து வைத்தார். “போனது நிழல்தான், நிஜமான ஆள் உள்ளேயே பத்திரமா இருந்தாங்கன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. மெய்ப்புப் பார்த்தது நான்.”

‘அதெல்லாம் கதைம்மா’ என்று முதலாளிக்கு வாய்வரை வந்துவிட்டது. வாசலில் புத்தகம் வாங்க இரண்டு பக்தர்கள் காத்திருந்தார்கள். சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

“ஒரே ஒரு திருத்தம் சார்” என்றார் புள்ளியம்மா. “நிழலுக்கு வலிக்காதுன்னு சொன்னீங்க. நேத்து படியிறங்கும்போது வலிச்சுது.”

டிரைவரின் கடிதம் மேஜை மேல் கிடந்தது. முதலாளி அதைப் பார்த்தார், புள்ளியம்மாவைப் பார்த்தார். மனிதனாகப் பிறந்தவன் கண் கலங்க வேண்டிய இடம். முதலாளி புன்னகைத்தார்.

புள்ளியம்மா பிழைதிருத்தப் பட்டியலை எடுத்து, அதை முப்பத்தெட்டாவது இடமாகக் குறித்துக்கொண்டார்.