வீட்டுக்கு எத்தனை மாடு?

"வீட்டுக்கு மூணரை மாடு! அந்த அரை மாட்டை எங்கய்யா கட்டி வச்சிருக்காங்க?"

அதிகாரி கேட்டதும் கால்நடைக் கணக்கெடுப்பு அலுவலகமே சிரித்தது. எழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. புள்ளிக்குப் பின்னால் நாலு எண் எழுதாவிட்டால் தூக்கம் வராத ஆள். அதனால் அங்கே அவனுக்குப் பெயரே 'தசமம்'.

"சராசரி சார் அது. அந்தச் சின்ன ஊர்ல பன்னிரண்டு வீடு, நாற்பத்திரண்டு மாடு."

"மூணுக்கு மேல போனா கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுது. ஏதோ வீட்டை விட்டிருக்கே. திரும்பப் போய் எண்ணு. கணக்கு முடிஞ்சாத்தான் உன் மாறுதல்ல கையெழுத்து."

மாறுதல் என்றதும் தசமம் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். மனைவியும் இரண்டு வயது மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். போன வாரம் போனில், "அப்பா பேசறேன்டி" என்றான். "யாரு?" என்று கேட்டது குழந்தை. அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி போனான். ஏழு வீட்டில்தான் ஆள் இருந்தது. மற்றவர்கள் மாடுகளைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார்கள். இருக்கிறவர்களாவது விட்டுப்போகக் கூடாதென்று கதவுக்குக் கதவு சாக்பீஸால் எண் போட்டான். தொட்டில் குழந்தை வரைக்கும் பேர் எழுதிக்கொண்டான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்களே தவிர, எதற்கு என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை.

"வீட்டுக்கு ஆறா?" அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டைக் கூட்டிட்டு வாய்யான்னா கழிச்சிட்டு வந்து நிக்கிறே! போ, இன்னொரு தடவை எண்ணு."

மூன்றாம் தடவை போனபோது தெருவே பூட்டிக் கிடந்தது. கடைசி வீட்டில் பால்காரம்மா ஒருத்தி மட்டும் நாற்பத்திரண்டு மாட்டுக்கும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் துணி மூட்டை தயாராக இருந்தது.

தசமத்துக்குப் பகீரென்றது. "அம்மா, நீங்களாவது இருங்கம்மா. நீங்களும் போயிட்டா நாற்பத்திரண்டை நான் எதால வகுப்பேன்?"

"இதுங்களை விட்டுட்டுப் போக எனக்கு மட்டும் மனசு வருதா சார்? போற இடத்துல எனக்கே நிக்க இடமில்ல." ஒரு கன்று அவள் கையை நக்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் அவன் நோட்டை மூடினான். கையெழுத்து, மாறுதல் எல்லாம் ஒரு நிமிடம் மறந்தே போயிற்று.

"மழை பெஞ்சிருக்கு. புல்லு இருக்கு. பாலும் கறக்குது. அப்புறம் ஏம்மா எல்லாரும் போறீங்க?"

பால்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்படித் திரும்பத் திரும்ப வந்து எண்ணிட்டுத்தானே சார், பக்கத்து ஊரை அணைத் தண்ணிக்குள்ள விட்டீங்க?"